ஆட்சேபணைத் தாள்

"கொலைகாரன் கையில வண்டிச் சாவியைக் குடுக்கிறதுக்குப் பேர்தான் கிருபையா, பாஸ்டர்?"

தையல்கார அம்மாள் கதவைக்கூடத் தட்டவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார்; கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கையில் ஆலய வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு. கிழித்த வேகத்தில் அதன் ஒரு மூலை பலகையிலேயே தங்கிவிட்டிருந்தது.

போதகர் நாற்காலியைக் காட்டினார். கோபமாக வருகிறவர்களிடம் அவருக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான்.

"உட்கார வரலை. இதைப் படிங்க."

போதகர் எழுதியதைப் போதகருக்கே படிக்கக் கொடுத்தார் அம்மாள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் ஆலய வேனுக்குப் புது ஓட்டுநர். பெயர் கீழே. ஆட்சேபணை உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரலாம். மணி அடிக்க ஆள் வைத்தால்கூட இந்த ஆலயத்தில் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். கேட்டதை மதித்து இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஜன்னலோரம் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைக்கான வாரத்தாள்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இவன் என்ன செஞ்சான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. சிறையில போய்ப் பார்த்துப் பேசிட்டுத்தான்..."

"சைக்கிள்ல வேலைக்குப் போயிட்டிருந்த மனுஷனை இடிச்சான். சரி, விபத்து, யாருக்கும் வரும். இறங்கினானா? அந்த மனுஷன் முக்கால் மணி நேரம் ரோட்டோரம் உயிரோட கிடந்தாராம்!"

வாரத்தாள் மடித்த கை ஒரு நொடி நின்றது.

"ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. தூக்கிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பார்னு டாக்டரே சொல்லியிருக்கார். செய்யக்கூடாததைச் செய்யறது மட்டுமில்ல, செய்ய வேண்டியதைச் செய்யாம விடறதும் பாவம்னு ஒலிபெருக்கியில நீங்கதானே சொல்றீங்க? என் கடை வரைக்கும் கேட்குது."

"நான்தாம்மா சொன்னேன்."

"சுவத்துக்கா சொன்னீங்க? அந்த வண்டியைக் கண்ணால பார்த்தவ நான். முன் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பம்பர்ல சைக்கிள் பெயின்ட் ஒட்டியிருந்தது. போலீசுக்குப் போன் பண்ணினதே நான்தான். மூணு வருஷமா என் வீட்டுல ஒரு கட்டில் விரிச்சது விரிச்சபடி கிடக்கு. ஒரு தட்டு கவிழ்த்தது கவிழ்த்தபடி இருக்கு. இவனுக்கு வெளிய வந்த உடனே வேலை, சம்பளம், மரியாதை!"

"மன்னிப்புன்னு ஒண்ணு இருக்கேம்மா..."

"அந்த வார்த்தையை மட்டும் எடுக்காதீங்க!" அம்மாள் மேஜையில் அடித்த அடியில் பேனா உருண்டு கீழே விழுந்தது. "மன்னிக்க நீங்க யாரு? உங்களையா இடிச்சான்? மன்னிக்கிறதுன்னா பறிகொடுத்தவங்க மன்னிக்கணும். அவங்க பொருளை எடுத்து நீங்க தானம் பண்ணுவீங்களா? நீதி இல்லாத அன்பு என்ன அன்பு?"

இறையியல் கல்லூரியில் ஒழுக்கவியல் பாடத்தில் முதல் மாணவர் நம் போதகர். இதே கேள்விக்கு நாலு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார். இப்போது அவருக்கு நாலு வார்த்தை வரவில்லை. அம்மாள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் காரணம்.

"இவனுக்கு யாராவது பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டிருக்கணுமே. யாரு அந்த மகராசன்?"

போதகர் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது.

"நான்தான் போட்டேன்."

"நீயா? உனக்கு என்னம்மா தெரியும்? நிழல்ல உட்கார்ந்து காகிதம் மடிக்கிறவங்களுக்கு அடுத்தவங்க வலி..."

"அந்த சைக்கிள்ல போனவர் என் வீட்டுக்காரர்."

வேண்டாம் என்று சொன்ன நாற்காலியில் அம்மாள் தானாகவே உட்கார்ந்தார்.

"மன்னிச்சிட்டியான்னு கேட்காதீங்க," என்றாள் அந்தப் பெண். "சில நாள் மன்னிச்சிருக்கேன். சில நாள் முடியல. ஆனா அன்னிக்கு ஒரே ஒரு இடத்துல நிறுத்தாம போனான் இல்ல, இனிமே தினமும் வாசல் வாசலா நிறுத்தட்டும். இறங்கட்டும். முடியாதவங்களைத் தூக்கட்டும். ஆஸ்பத்திரியில கொண்டு போய் விடட்டும். எனக்கு அந்த நீதி போதும்."

"எனக்குப் போதாது." அம்மாளின் குரல் பாதியாகிவிட்டிருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஆட்சேபணைத் தாளைக் குடுங்க, பாஸ்டர்."

போதகர் கீழே குனிந்து பேனாவை எடுத்து, தாளோடு சேர்த்துக் கொடுத்தார். அம்மாள் பெயரை எழுதினார். முகவரியை எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'நிறுத்தாமல் போனவன்' என்று பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி எழுதினார். இன்னும் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் பெண் எழுந்து பக்கத்தில் வந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"எங்க சொந்தக்காரங்களே நஷ்டஈடு எவ்வளவு வரும்னுதான் கேட்டாங்க. இந்த மூணு வருஷத்துல அவருக்காக இப்படிக் கொதிச்ச ஒரு ஆளை நான் பார்க்கல. நீங்க அவருக்கு என்ன வேணும்மா?"

அம்மாள் பேனாவை மறுபடி ஊன்றினார். பாக்கியிருந்த கட்டத்தில் மூன்றே எழுத்துகளை எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

'வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு என்ன உறவு: அம்மா.'