பூங்காவுக்கு எதிரே நின்ற கார்

சாம்பல் நிறக் கார் அன்றைக்கும் பூங்காவுக்கு எதிரே வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு சிறுமியின் பள்ளிப்பை கிடந்தது. சிறுமியைத்தான் காணோம்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு தையற்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்று நாளாக, மாலை நாலு மணி ஆனால் போதும், அந்தக் கார்க்காரன் வந்துவிடுகிறான். காரை விட்டு இறங்குவதில்லை. விளையாடும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பிள்ளைகளில் அவளுடைய எட்டு வயது மகளும் ஒருத்தி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த இடம் வெறும் பொட்டல். இப்போது ஐந்நூறு வீடுகள். ‘குடும்பத்தோடு வாழ ஏற்ற ஊர்’ என்று நுழைவாயிலில் ஆள் உயர எழுத்தில் போர்டு வைத்ததும் குடும்பங்கள் வந்து குவிந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

கணவனுக்கு போன் போட்டாள். “அந்த ஆளைப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்குங்க.”

“உனக்கு யாரைப் பார்த்தாத்தான் சந்தேகம் வராது? மீட்டர் பார்க்க வந்தவரையே அரை மணி நேரம் வாசல்ல நிக்க வெச்சுக் குடைஞ்சவதானே நீ.”

“நோட்டுல என்னமோ எழுதறான்.”

“கவிதையா இருக்கும். விடு.”

அவளால் விட முடியவில்லை. கையில் இருந்த கத்தரிக்கோலைக் கூட வைக்காமல் தெருவில் இறங்கினாள். பக்கத்து வீட்டு நர்ஸும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. வாங்க, கேட்டுடலாம்.”

தையற்காரி கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவன் பதறாமல் கண்ணாடியை இறக்கினான்.

“யாரு நீங்க? இங்க என்ன வேலை?”

பதிலுக்குக் காத்திராமல் அவன் மடியில் இருந்த நோட்டைப் பிடுங்கினாள். நாலு ஊர்களின் பெயர்கள் இருந்தன. முதல் மூன்றும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. நாலாவது, அவர்கள் ஊர். அந்தப் பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மூணு ஊரை அடிச்சிருக்கீங்களே, அங்கெல்லாம் என்ன பண்ணீங்க?”

“இதேதாம்மா. உட்கார்ந்திருந்தேன்.”

“பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டா? இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்.”

“கூப்பிடுங்க” என்றான். பயப்படுவதற்குப் பதிலாக அவன் கண் கலங்கியிருந்தது. “எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. பின்னால கிடக்கறது அவ பைதான்; அவளைப் பாட்டு கிளாஸ்ல விட்டுட்டு வந்திருக்கேன். அம்மா இல்லாத குழந்தை. நான் வேலை முடிஞ்சு வர ஏழு மணி ஆகும், அதுவரைக்கும் அவ தனியாத்தான் விளையாடணும். அதான் வீடு வாங்கறதுக்கு முன்னாடி லீவு போட்டு, ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வாரம் இப்படி உட்கார்ந்து பார்க்கறேன்.”

“அப்படி என்னத்தைப் பார்க்கறீங்க?” என்றாள் நர்ஸ்.

“‘யாருடா நீ’ன்னு கேக்க ஒருத்தராவது வர்றாங்களான்னு.”