கட்டிலடிச் செருப்பு

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இடுப்பு வலியில் கத்தக்கூடத் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி கிழவர் பிரசவ வார்டில் மகளின் கட்டிலருகே நிற்கிறார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுக்கொண்ட அவள், வேறு தேசத்திலிருக்கும் அக்காவோடு செல்போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஸ்பீக்கரில் அக்காவின் குரல்: "உனக்கு யோகம்டி! இங்க மூஞ்சியில மூடியக் கவுத்து வலி மறக்க வாயுவ இழுக்கச் சொன்னாங்க. நான் கத்தின கத்துல டாக்டரே காதப் பொத்திக்கிட்டாரு." போர்வைக்கு வெளியே நீண்ட பாதத்தில் ஜன்னல் வெயில் விழுகிறது. கிழவர் அதன் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளுகிறார். அவள் திரும்பவே இல்லை. அவர் பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் திரும்புகிறார். "காலு திரும்ப வருமாம்மா?" "சாயங்காலம் நடப்பாங்க ஐயா. கிள்ளாதீங்க," என்கிறாள் நர்ஸ். "நடக்கட்டும், பாக்கலாம்." கட்டிலடியில் கிடக்கும் மகளின் செருப்பை, அவள் இறங்கினால் கால் படுகிற இடத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, நம்பாத முகத்தோடு வெளியே நடக்கிறார்.