மேல் மூலைப் பொத்தான்

ஆய்வகக் கூரை ஒழுக ஆரம்பித்ததிலிருந்து, இரண்டு வருடமாக வேதியியல் செய்முறைப் பாடத்தை ஜெசிந்தா டீச்சர் கணினி அறையில், செய்முறையைத் திரையிலேயே செய்துபார்க்கும் ஓர் இணையதளத்தை வைத்துத்தான் நடத்தி வந்தார். இன்று ஆய்வகத்திலேயே பொதுத்தேர்வு. வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் நிற்க, பன்னிரண்டு மாணவிகளும் நிஜக் குடுவையை முதல்முறையாகத் தொட்டார்கள். தற்செயலாக வாசலைப் பார்த்த டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணினி அறைக்குப் போகிற பழக்கத்தில் எல்லோரும் செருப்பை வெளியே வரிசையாக விட்டிருந்தார்கள். "பிள்ளைங்களா, முதல்ல போய்ச் செருப்பைப் போட்டுட்டு..." என்று சொல்லி முடிப்பதற்குள், மாணவி நிலோபரின் முழங்கை பட்டு, மேசையில் திறந்திருந்த அடர் கந்தக அமிலப் புட்டி சாய்ந்தது. அமிலம் எண்ணெய் மாதிரி மெதுவாக ஊர்ந்து, அவள் நின்ற பக்கத்து விளிம்புக்கு வந்தது. நிலோபர் நகரவே இல்லை. வலது கையைத் தூக்கி, முகத்துக்கு நேரே, காற்றின் மேல் மூலையில் ஒரு விரலால் அழுத்தினாள். இணையதளத்தில் 'மறுபடி தொடங்கு' பொத்தான் அங்கேதான் இருக்கும். இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

"என்னம்மா பண்றே? தள்ளிப் போ!" என்று தேர்வாளர் கத்தினார். டீச்சர் மேசையைச் சுற்றி ஓடி வந்தார்.

"டீச்சர், நெட் நின்னுடுச்சு" என்றாள் நிலோபர்.

விளிம்பில் முதல் துளி திரண்டது. மற்ற பதினொரு பேரும் வெறுங்காலோடு, நெட் திரும்ப வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.