மீன் துள்ளிய இறுதி ஆட்டம்

“டிவி நம்மளோடதுதானே, பந்து மட்டும் ஏன் சேனல்காரங்களோடது?” என்று தையல்காரரின் மகள் ஒருமுறை கேட்டாள். இறுதி ஆட்டம் தொடங்கிவிட்டது. அவர் வீட்டுத் திரையிலோ யாரோ ஏரியில் தூண்டில் போடுகிறார். கால் முறிந்து படுத்திருக்கும் ஆட்டோக்கார மைத்துனர் காலையிலிருந்து அந்த ஆட்டத்துக்காகத்தான் காத்திருக்கிறார். “விளையாட்டு சேனல் பேக்தானே மாமா போட்டீங்க?” “ஆமா மாப்ள. மீன் பிடிக்கிறதும் விளையாட்டாம். நம்ம மேட்ச் வேற பேக்காம், அது இந்தப் பெட்டியில வராதாம். கடவுளுக்குத்தான் வெளிச்சம்.” திடீரென்று வர்ணனை கேட்கிறது. திரையில் மீன் துள்ள, அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. “மாமா, நம்ம டிவியா?” தையல்காரர் ரிமோட்டைத் திருப்பிப் பார்க்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம், பிரசவ வலியில் துடித்த தன்னை மைத்துனரின் ஆட்டோ ஆஸ்பத்திரியில் சேர்த்ததை மறக்காத பக்கத்து வீட்டுப் பெண், டிவியை ஜன்னலோரம் நகர்த்தி, ஒலியை முழுதாகக் கூட்டிவிட்டு, தூக்கம் கலைந்த குழந்தையைத் தோளில் தட்டியபடி சமையலறைக்குப் போகிறாள்.