இரட்டை வேகத்தில் ஓர் அழுகை

“கையை எடுங்க, அவ கதவைத் திறக்கப்போறா...” “திறக்கட்டும். வேகமா ஓட்டுனாத்தான் நெட்டு மிச்சமாகும்.” “நான் என்ன உங்க பஸ்ஸிலயா போறேன்? நாடகம் பார்க்கிறேங்க.” ஓய்வுபெற்ற நடத்துநர் மனைவியின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேபிளை நிறுத்திய நாளிலிருந்து அவர் வைத்ததுதான் சட்டம். சுவரோரம் பெரிய டிவி செத்துக் கிடக்கிறது. அதன் தலையில் அவருடைய ஈர பனியன் சொட்டுகிறது. செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் நாடகம் இரட்டை வேகத்தில் பறக்கிறது. தின்ற கையைக் கழுவாமல் அவர் திரையைத் தேய்க்க, கதாநாயகியின் கன்னத்தில் எண்ணெய் இழுபடுகிறது. இந்த ஒரு கட்டத்துக்காக மனைவி நாலு வருஷம் காத்திருந்தாள்: சிறையிலிருந்து வந்த தாய், தன்னை வெறுத்த மகளின் வாசலில் நிற்கிறாள். அழுகை எலிக்குஞ்சின் கீச்சாகக் கேட்கிறது. கண்ணீர் பூச்சிபோல ஓடி மறைகிறது. மகள் வாயைத் திறக்கிறாள், ஏதோ கீச்சிடுகிறாள், பெயர்ப்பட்டியல் ஓடிவிடுகிறது. அவர் நீளமாக ஏப்பம் விட்டு, விரலைச் சட்டையில் துடைத்து, கைப்பேசியைப் பைக்குள் போடுகிறார். “பார்த்தியா, பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டேன்.” எழுந்து போகிறவரின் முதுகைப் பார்த்து அவள் கேட்கிறாள்: “அந்தப் பொண்ணு அம்மான்னு கூப்பிட்டாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.”