மாதிரிப் பட்டறை

சம்பந்தம் டேங்கர் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தார். குடிக்க ரெண்டு குடம் கிடைக்குமா என்று வந்த பக்கத்து வீட்டு அம்மணியை, "நாளைக்குப் பாக்கலாம்மா, இன்னிக்கு இதுக்கே பத்தல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருப்பவர் அவர். பட்டுநூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் பின்பக்க வாய்க்காலில் ஒரு நாள் அரக்காகவும் மறுநாள் மயில்கழுத்து நிறத்திலும் ஓடும். அதைச் சுத்தம் செய்து விடாவிட்டால் ஆறு மாதத்தில் பட்டறைக்குச் சீல் என்று நோட்டீஸ் வந்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இன்னொரு கடிதம் வந்தது. 'நீடித்த வளர்ச்சிக்கான சர்வதேச ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் டென்மார்க் குழுவினர் கழிவுநீரை ஆய்வு செய்து, தங்கள் பகுதியில் மாதிரிப் பட்டறை ஒன்றைத் தேர்வு செய்வர்.' நான்கு முறை படித்தும் அந்தச் சர்க்கார் தமிழில் அவருக்குப் பிடிபட்டது 'மாதிரிப் பட்டறை' மட்டும்தான்.

"மாதிரிப் பள்ளி, மாதிரி கிராமம்னு போர்டு வெக்கறாங்க இல்ல, அதாட்டம்" என்று மனைவி சுபலட்சுமிக்கு விளக்கினார். "வெள்ளக்காரனே போர்டு வெச்சுட்டா அப்பறம் எவன் வந்து சீல் வெப்பான்?"

"அதுக்கு தண்ணி சுத்தமா இருக்கணுமேங்க."

"இருக்க வெச்சுட்டா போச்சு."

முகூர்த்த சீசனில் நான்கு நாள் சாயக் கொப்பரைகள் அடுப்பேறவில்லை. நூல் கேட்டு வந்த நெசவாளர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள். சம்பந்தம் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வாய்க்காலைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, டேங்கரைத் திறந்துவிட்டார். எதிர்ப்பட்டறை ஜீவானந்தமோ தனக்கும் வந்த அதே கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வழக்கம்போல் தன் பக்கத்து வாய்க்காலில் சிவப்புத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்கச் சம்பந்தத்துக்கு இனித்தது.

மறுநாள் காலை குழு வந்தது. உயரமான டென்மார்க் அம்மாள் ஒருத்தி, கூடவே பேச்சை மொழிபெயர்க்க மதிவதனி என்ற திட்ட அதிகாரி. அந்த அம்மாள் வாய்க்கால் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்து, பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தை நீள அகலம் அளந்தாள். போர்டு நடத்தான் இடம் பார்க்கிறாள் என்று சம்பந்தம் எண்ணிக்கொண்டார். அவ்வளவு பெரிய போர்டா என்றும் ஒரு கணம் தோன்றியது.

"எப்பவுமே தண்ணி இப்படித்தான் இருக்குமாங்க?" என்று மதிவதனி கேட்டாள்.

"பதினஞ்சு வருசமா இப்படித்தாம்மா. மீனு வளக்கலாம்."

ஆங்கிலத்தில் அதைக் கேட்டதும் அந்த அம்மாளின் முகம் தொங்கிப்போனது. வெள்ளைக்காரர்கள் சந்தோஷத்தை இப்படித்தான் காட்டுவார்கள் போலிருக்கிறது.

"எதிர்ப்பட்டறையும் லிஸ்ட்ல இருக்கு. பாத்துட்டு வந்துடறோம்" என்றாள் மதிவதனி.

"அங்க போய் இன்னாம்மா பாக்கப் போறீங்க? நாத்தம் தாங்காது. சேப்புத் தண்ணி ரத்தமாட்டம் ஓடிகினு கீது."

மதிவதனி அதையும் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடாத குறையாக எதிர்ப்பக்கம் போனாள்.

அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், ஜீவானந்தத்தின் கையைப் பிடித்து அந்த அம்மாள் குலுக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தம், திரும்பி வந்த மதிவதனியை வாசலிலேயே மடக்கினார்.

"மாதிரிப் பட்டறை அவருதுதாங்க. முடிவாயிடுச்சு" என்றாள்.

"இன்னாம்மா அநியாயமா கீது? என் தண்ணி எப்படி கீது, அவன் தண்ணி எப்படி கீது? அந்தச் சாக்கடையா ஊருக்கு மாதிரி?"

மதிவதனி அவரைப் புரியாமல் பார்த்தாள்.

"மாதிரிக்கு ஒரு பட்டறையில சுத்திகரிப்பு மெஷினை இலவசமா வெச்சுத் தர்றோம்ங்க. சுத்தமான தண்ணிக்கு அதை எப்படிங்க குடுக்கிறது?"