மதிலடி மண்

"இஞ்சை வந்து பாருங்கோ, இண்டைக்கும் கிடக்குது!"

டிலக்ஷி போட்ட சத்தத்தில் ஜெரிசன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே முற்றத்துக்கு ஓடிவந்தான். கேற்றுத் தூணிலிருந்து கிணற்றடி வரை, மதில் ஓரமாக யாரோ மண் தூவியிருந்தார்கள். அவர்கள் இருந்த அளவெட்டி ஊர் மண் நல்ல செம்மண். இதுவோ வெளிறிப்போன வேற்று மண்.

"மூண்டாம் நாள். இப்பவாவது நம்புறியளோ?"

"பூனை கீனை கிளறியிருக்குமப்பா."

"பூனை வேறை ஊர் மண்ணைக் கொண்டுவந்து தூவுமோ? இது சுடலை மண். குடும்பத்தை அழிக்கிறதுக்கெண்டே தூவிறவை. எனக்குத் தெரியாதே!"

ஜெரிசனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டான். உள்ளே அவர்களின் ஒன்பது மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்தது. தவழப் பழகிய நாளிலிருந்து வீட்டில் ஓர் இடம் விடாமல் அளந்து திரிந்த பிள்ளை, இப்போது தலை தூக்காமல் கிடந்தது.

"முந்தநாள் கிளினிக்கிலை ஊசி போட்டதெல்லோ, அதுதான் காயுது," என்றான்.

"ஊசி போட்டதும் மண் தூவினதும் ஒரே நாள். அதையும் யோசியுங்கோ."

டிலக்ஷி விளக்குமாற்றை எடுத்தாள். ஒரு பொட்டு மண் மிச்சமில்லாமல் கூட்டி அள்ளி, ஒழுங்கை முடக்கில் இருந்த குப்பையில் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு தீர்த்தப் போத்தலைத் திறந்து மதில் நெடுகத் தெளித்தாள். கேற்றில் சிலுவை அடையாளம் வரைந்து, மிக்கேல் சம்மனசின் செபத்தையும் சொன்னாள். அந்த ஒழுங்கையில் அவர்களுடையது ஒன்றுதான் வேதக்கார வீடு. அந்த வீட்டுக்குத் தன் செபத்தை விட்டால் வேறு காவல் இல்லை என்று அவள் உறுதியாக நம்பினாள்.

"ஆர் செய்யிறதெண்டும் எனக்குத் தெரியும்," என்றாள்.

"ஆர்?"

"உவதான். குணலட்சுமி அன்ரி." பக்கத்து மதிலைக் கண்ணால் காட்டினாள். "போன மாதம் பிள்ளைக்குத் திருநீறு பூச வந்தவ. எங்களுக்கு உது வேண்டாமெண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டன். அந்தக் கோவம்."

"பாவமப்பா, தனிச்ச மனிசி. நாங்கள் குடிவந்த அண்டைக்குச் சோறு கறி தந்தது அவதானே."

"அண்டைக்கே அதிலை என்னத்தைக் கலந்து தந்தவவோ!"

இதற்குமேல் வாய் திறந்தால் தனக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஜெரிசன் கந்தோர் வேலைக்குப் புறப்பட்டான்.

மத்தியானம் டிலக்ஷி சமைத்துக்கொண்டு நின்றபோது குசினி யன்னலுக்கு நேரே, மதிலுக்கு மேலால் குணலட்சுமியின் தலை தெரிந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சலோ? அழுத சத்தம் கேட்டுது."

இவவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று டிலக்ஷி சந்தேகத்தோடு பார்த்தாள்.

"சுகம் வந்தாலும் அதைக் கொஞ்ச நாளைக்கு முற்றத்திலை விடாதை பிள்ளை. விட்டால் பிறகு..."

டிலக்ஷி யன்னலை அடித்துச் சாத்தினாள். வெருட்டுகிறாள்! பட்டப்பகலில், வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தே வெருட்டுகிறாள்! குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு செபமாலை சொல்லத் தொடங்கியவள், ஜெரிசன் வேலை முடிந்து வரும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பவே இல்லை.

அடுத்தநாள் விடியும்போது அவள் குசினிக்குள் விளக்குப் போடாமல் காத்து நின்றாள். காத்திருந்தது வீண்போகவில்லை. குணலட்சுமி மதிலோரம் வந்தாள். இடது கையில் ஒரு சொப்பிங் பை. வாய் ஏதோ முணுமுணுத்தது. வலது கையை மதிலுக்கு மேலால் நீட்டி, பிடி பிடியாக மண்ணைத் தூவினாள்.

"ஓடியாங்கோ, பிடிச்சாச்சு!"

ஜெரிசன் சாரத்தை இறுக்கியபடி ஓடிவந்தான். அவன் வருமுன்பே டிலக்ஷி மதிலடியில் நின்றாள்.

"அன்ரி! ஆருக்கு இந்தச் சுடலை மண்? என்ரை பச்சைப்பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது? இப்பவே பொலிசுக்குப் போறன்!"

"சுடலை மண்ணோ?" குணலட்சுமியின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ பிள்ளை, என்ன கதை கதைக்கிறாய்!"

"அப்ப என்ன மண்? ஏன் கள்ளரைப்போலை தூவிறியள்?"

"போன கிழமை உங்கடை மதிலடியாலை ஒரு புடையன் பாம்பு ஊர்ந்து போனதைக் கண்டனான். பிள்ளை தவழுற முற்றமெல்லோ? நேற்றும் அதைச் சொல்லத்தான் கூப்பிட்டன். நீ யன்னலைச் சாத்திப்போட்டாய்."

"பாம்புக்கு மண்ணோ?" என்றான் ஜெரிசன்.

"ஓம் தம்பி. இதைத் தூவினால் பாம்பு அண்டாதெண்டு உங்கடை ஆக்கள்தானே சொல்லுறவை. திருவிழாவுக்குப் போய், சனத்துக்குள்ளை நெரிபட்டு அள்ளிக்கொண்டு வந்தனான். தூவத் தூவக் காணாமல் போகுது, ஏனெண்டுதான் விளங்கேல்லை."

குணலட்சுமி பையை மதிலுக்கு மேலால் நீட்டினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"நான் தந்தால் நீ கையாலையும் தொடமாட்டாய் எண்டுதான் ஒளிச்சுத் தூவினனான். இது மடு மாதா கோயில் மண், பிள்ளை."